நீளுகிற கண்ணும் மைனஸ் மாஸ்டரும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் கண் உள்ள எவரையும் நிம்மதியாக நடக்க விடாத ஒரே மனிதர் மைனஸ் மாஸ்டர்தான். கல்லடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். யாருக்கும் பாடம் படிப்பித்தவர் அல்ல. எப்படி மாஸ்டரானார் என்பது தெரியாது. வாடிக்கையாளர் வரும்வரை காத்திருக்கும் பழக்கமும் அவரிடம் இல்லை. கல்லடிப் பாலத்தில் எதிரே வருகிறவரை நிறுத்தி, தூரத்தில் போகும் பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிக்கச் சொல்வார். வாசித்துவிட்டால் மாஸ்டரின் முகம் வாடிவிடும். தடுமாறினால் தோளில் கைபோட்டு, "பயப்பிடாத தம்பி, மைனஸ் ஒண்டரைதான்" என்பார்.

ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதைக் கண்டவர், மேளம் முழங்கும்போதே மணவறையின் முன்னால் போய் மூன்று விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். மாப்பிள்ளை சரியாகச் சொன்னார். கூடவே சொன்ன மணப்பெண்தான் பிழையாகச் சொன்னாள்.

சுனாமி அவருடைய கடையை அடியோடு கொண்டுபோனது. பழைய கண்ணாடியை மாற்ற மறுத்த ஒருவரைத் துரத்திக்கொண்டு அன்று காலை கடல் எட்டாத ஏறாவூர் வரை போயிருந்ததால் அவர் மட்டும் தப்பினார். நான், என் அக்கா, அக்காவின் மகள் தர்சினி மூவரும் ஒரு பாடசாலையில் இருந்த முகாமில் தங்கியிருந்தோம். அத்தான் கட்டாரில் வேலை. மூன்றாம் நாள் மாஸ்டர் முகாமுக்கு வந்தார். நிவாரணப் பெட்டி ஒன்றின் அட்டையைக் கிழித்து, கரியால் எழுத்துகளைப் பெரிதிலிருந்து சிறிதாக எழுதிச் சுவரில் தொங்கவிட்டு, எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொன்னார்.

"பாக்கிறதுக்கு இனி என்ன மாஸ்டர் கிடக்கு?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"பாத்திட்டுச் சொல்லுங்க" என்றார் மாஸ்டர்.

இரண்டு மாதத்தில் அவர் ஓர் அதிசயத்தை அறிவித்தார்: அந்த முகாமில் பார்வை குறைந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. என்னைச் செய்தி எழுதச் சொன்னார். நான் அப்போது ஒரு பத்திரிகையின் செய்தியாளன். எழுதுவதற்குச் சற்று முன், ஏழு வயதுத் தர்சினி கிணற்றடியில் முகம் கழுவியபடியே அட்டையின் கடைசி வரியை ஒப்பிப்பதைக் கேட்டேன். அட்டை இருந்தது அவளுடைய முதுகுப் பக்கம், ஒரு கட்டடத்துக்கு அப்பால். விசாரித்தால், முகாமில் புத்தகமே இல்லாததால் பிள்ளைகள் அந்த எழுத்துகளைப் பாட்டாக்கி, கைதட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் சோதித்தது அவ்வளவும் ஞாபகசக்தி.

அவர் அட்டையைச் சுக்குநூறாகக் கிழித்தார். புதிதாக எழுதி முதலில் தர்சினியை நிறுத்தினார். அவளுக்கு மேல்வரியே தெரியவில்லை. மைனஸ் ஐந்து. ஆறு மாதத்தில் ஆறரை. அடுத்த வருடம் எட்டு.

அதன் பிறகு மாஸ்டரை எங்கள் வீட்டிலிருந்து விரட்ட முடியவில்லை. கண் டொக்டரிடம் எங்களைக் கூட்டிப் போனவரும் அவரே. டொக்டர் பொறுமையாக விளக்கினார். பிள்ளையின் கண்விழி பின்பக்கமாக நீண்டுகொண்டே போகிறது. அதனால் உள்ளே விழித்திரை மெலிகிறது. கிழிந்தால் பார்வை போய்விடலாம்.

"வளர்ற பிள்ளைக்குக் கண் வளராமக் கிடக்குமா?" என்று அக்கா கேட்டாள்.

டொக்டர் இன்னொன்றும் சொன்னார். இப்படி நீளும் கண்களில் ஒட்சியேற்ற அழுத்தம் என்ற ஒன்றும் சேர்ந்து கெடுதி செய்வதாக ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்களாம். அக்காவுக்கு அது காதில் விழவே இல்லை. மாஸ்டருக்கு அது மட்டும்தான் விழுந்தது.

"ஒட்சியேற்றம் எண்டா கறள்தானே" என்றார் வெளியே வந்ததும். "பிள்ளைட கண் கறள் பிடிக்குது."

உப்புக் காற்றடிக்கும் கல்லடியில் ஒரு சைக்கிளைக் கறள் பிடிக்காமல் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எங்களுக்குத் தெரியும் என்பதால், அந்த விளக்கத்தை யாரும் மறுக்கவில்லை. கடல் காற்றுப் படாதிருக்க யன்னல்கள் சாத்தப்பட்டன. தர்சினி தலையில் துவாய் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். முருங்கை இலை, பொன்னாங்காணி, வல்லாரை என்று மூன்று வேளையும் பச்சையாகவே தட்டில் விழுந்தது. மூன்றாம் கிழமை அவள் தட்டைத் தள்ளிவிட்டாள். "மாஸ்டர் மாமா, நான் ஆடு இல்ல."

மாஸ்டர் டொக்டரிடம் ஓடினார். இலை நல்லதுதான், ஆனால் நீளுகிற கண்சுவரை இலை தாங்காது என்று அவர் சொல்லி அனுப்பினார். சத்திரசிகிச்சை ஒன்று உண்டு. வெளிநாட்டு டொக்டர் ஒருவர் கொழும்புக்கு வந்து செய்கிறார். எல்லாப் பிள்ளைக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது.

அக்கா கண்ணில் கத்தி வைக்க விடமாட்டேன் என்றாள். மாஸ்டர் எங்கள் வாசலுக்கும் படலைக்கும் இடையில் நடந்துகொண்டே பேசினார்.

"புள்ள, வட்டைக்குள்ள தண்ணி ஏறி வயல் வரம்பத் தள்ளினா என்ன செய்வீங்க? வெளிப்பக்கமா மண்ணணைப்பீங்கதானே. கண்ணுக்குப் பின்னால ஒரு பட்டி வெச்சு அணைக்கிறாங்க. அவ்வளவுதான்."

"வரம்பு உடைஞ்சா ஒரு போகம்தான் போகும் மாஸ்டர். இது என்ட பிள்ளை."

அவர் நடப்பதை நிறுத்தினார்.

"பட்டி வெச்சாப் போன பார்வை திரும்புமா?" என்று அக்கா கேட்டாள்.

"திரும்பாது. இருக்கிறது போகாமப் பாக்கலாம்."

இரண்டு நாள் கழித்து அக்கா சொன்னாள்: "நீங்களும் வாறதெண்டா போவம்."

ஆனால் அது சண்டை மூண்டிருந்த காலம். வாகரைப் பக்கமிருந்து சனம் இடம்பெயர்ந்து வந்துகொண்டிருந்தது. திகதி குறித்தால் பாதை பூட்டப்படும். பாதை திறந்தால் வெளிநாட்டு டொக்டர் போயிருப்பார். தர்சினியின் இலக்கம் மட்டும் எதற்கும் நிற்காமல் ஏறியது. ஒன்பது. பத்து.

கடைசியில் புறப்பட்டபோது, ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கினார்கள். சிப்பாய் ஒருவன் மாஸ்டரின் கண் அளக்கும் வில்லைப் பெட்டியைத் திறந்து, ஒரு வில்லையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தான். வைத்தான். திரும்பவும் எடுத்துப் பார்த்தான். வரிசையில் நின்ற நாங்கள் நிலத்தைப் பார்த்தோம். மாஸ்டரோ தனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லையும் திரட்டி, எதிரே இருந்த பலகையை வாசிக்கச் சொன்னார். அவனுக்கு முடியவில்லை. மாஸ்டர் வில்லைகளை மாற்றி மாற்றிப் பிடித்து, ஒரு துண்டில் அவனுடைய கண்ணாடி இலக்கத்தை எழுதிக் கொடுத்தார். அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்களைப் போகச் சொன்னான். கொழும்பு வரை மாஸ்டருக்கு அதே யோசனைதான். "ரெண்டேகால். அந்தக் கண்ணோட துவக்கும் கையுமா நிக்கிறான். ஆரையெண்டு பாத்துச் சுடுவான்?"

சிகிச்சை முடிந்து கட்டவிழ்த்த பிறகும் பலன் உடனே தெரியாது, ஒரு வருடம் பொறுத்து அளந்துதான் சொல்லலாம் என்றார்கள். அந்த வருடம் முழுக்க அவர் எவரையும் பாலத்தில் மறிக்கவில்லை. அதுவே ஊருக்குப் பெரிய கவலையாக இருந்தது.

ஒரு வருடம் முடிந்து அளப்பதற்கு நாங்கள் மாஸ்டரிடம் போன நாள், யுத்தம் முடிந்துவிட்டதென்று வானொலி அறிவித்த நாளாக அமைந்துவிட்டது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள். தெருவில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நகரில் புதிதாகப் போட்டிருந்த கடையின் கதவை மாஸ்டர் பாதி இறக்கிவிட்டுத் தர்சினியைக் கதிரையில் இருத்தினார். வலது கண் பத்து. இடது கண் பத்து. இன்னொரு முறை அளந்தார். மூன்றாம் முறையும் அளந்தார்.

"சுகமாகல்லையா மாஸ்டர்?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

அவர் கதவைத் தூக்கிவிட்டு வெளியே போய் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. அன்று அந்தத் தெருவில் அது ஆபத்தான முகம். எதிர்க்கடைக்காரர் பதறிப்போய், "என்ன மாஸ்டர் சிரிக்கிறீங்க? என்ன நடந்திட்டு?" என்று கேட்டார்.

"ஒண்டும் மாறல்ல" என்றார் மாஸ்டர் உரத்த குரலில். "ஒண்டுமே மாறல்ல."

தெருவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் தலையாட்டினார். இன்னொருவர் அவருடைய கையைப் பிடித்தார். மாஸ்டர் துணிந்து சொன்ன அரசியல் தீர்ப்பு என்று அந்த வார்த்தையை ஊர் வருடக்கணக்காகச் சொல்லித் திரிந்தது. பிறகு அவரும் காலமானார். நான் யாரையும் திருத்தவில்லை.

இப்போது சொல்கிறேன். அவர் சொன்னது ஒரு பிள்ளையின் கண்ணைப் பற்றி; ஏறிக்கொண்டே போன இலக்கம் பத்தில் நின்றுவிட்டது. அன்றைக்கு இந்த ஊரில் முழுமனதோடு சந்தோசமாக நின்ற ஒரே மனிதர் அவர்தான். நானும் வெளியே வந்து அவருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.