பாலத்துக் காவலாளியின் இரண்டாம் பாகம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்களாக. பிள்ளைகளின் விவாகரத்து வழக்கு கோர்ட்டில் இருப்பதால் இனி நமக்குள் பேச்சுவார்த்தை கூடாது என்று இரு தரப்பு வக்கீல்களும் சொல்லிவிட்டார்கள். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன் என்று தெரிவிக்கவே இக்கடிதம். தங்கள் கடையில் போட்ட மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

என் மகன் தனியாக அறை பார்த்துக்கொண்டு போனபோது வீடியோ கேம் பெட்டியை இங்கேயே விட்டுவிட்டான். லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவனுக்குப் பொழுது போக வேண்டாமா, எடுத்து ஆடினேன். முதல் பாகம் அருமையான விளையாட்டு. கதை என்று ஒரு மண்ணும் கிடையாது. வீரன் ஒருவன் போவான், ஆற்றுப் பாலத்தில் ஒரு காவலாளி வழிமறிப்பான், பிடித்து ஆற்றில் தள்ளினால் மணி அடிக்கும். அவன் ஏன் மறிக்கிறான் என்று யாரும் கேட்கமாட்டார்கள். சுவர் ஏறச் சொன்னால் வீரன் செடிக்குள் போய் நிற்பான், செத்தால் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவான். மனசுக்கு எவ்வளவு நிம்மதி! அந்தக் காவலாளிக்கு அச்சு அசலாக உங்கள் மீசை. அதனால் கொஞ்சம் அதிகமாகவே தள்ளினேன்.

அதோடு விட்டேனா, இரண்டாம் பாகத்தை வாங்கித் தொலைத்தேன். எல்லாவற்றையும் திருத்திக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். ஏறு என்றால் ஏறுகிறார், கையை நீட்டினால் கதவுப்பிடி கச்சிதமாகக் கைக்குள் வருகிறது, அவ்வளவு சுத்தமான வேலையை என் தொழிலில்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் இந்தத் தடவை நாம் வீரன் இல்லை சம்பந்தி, அந்தக் காவலாளி! நனைந்த சட்டையோடு கரையேறுகிறார், இருமுகிறார், வீட்டுக்குப் போகிறார். அவருக்கு வீடு இருக்கிறது என்று முதல் பாகத்தில் ஒரு பயலும் சொல்லவில்லையே! சட்டையைக் கொடியில் போடுவதற்குள் கதவு தட்டும் சத்தம். கட்டிக்கொடுத்த மகள், கையில் ஒரே ஒரு பெட்டி. "என்னாச்சு?" என்று கேட்க ஒரு பொத்தான், பேசாமல் பெட்டியை வாங்கிக்கொள்ள ஒரு பொத்தான். நான் கேட்டேன். அவள் திரும்பி நடந்துவிட்டாள். மறுபடி ஆடினேன், மறுபடி கேட்டேன், மறுபடி போய்விட்டாள்.

"விளையாட்டுக்குப் போய் யாராவது அழுவாங்களா?" என்றாள் என் வீட்டுக்காரி.

"யாரு அழுதா? சம்பந்தி போட்ட கண்ணாடி சரியில்ல, கண்ணு கலங்குது."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "பெட்டிய வாங்குங்க. பாவம், எவ்வளவு நேரம்தான் தூக்கிட்டு நிப்பா."

வாங்கினேன். அந்தப் பெண் உள்ளே வந்து செருப்பைக் கழற்றினாள். உங்க மக எங்க வீட்ட விட்டு ஒத்தப் பெட்டியோட கிளம்பின அன்னைக்கு நல்ல மழை. கதவத் திறந்ததும் நீங்க என்ன கேட்டீங்களோ, எனக்குத் தெரியாது. தெரிஞ்சு என்ன ஆகப்போகுது.

ஆகவே விளையாட்டைக் கட்டி அலமாரி மேல் போட்டுவிட்டேன். நம் உறவும் அத்தோடு முடிந்தது. தெருவில் எதிர்ப்பட்டாலும் வணக்கம் சொல்ல வேண்டாம். தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
முன்னாள் சம்பந்தி

பி.கு.: வியாழக்கிழமை கோர்ட்டு வராந்தாவில் எதிரெதிர் பெஞ்சில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். நான் உங்க பக்கத்துலதான் உக்காருவேன். முன்னாடி வந்துட்டீங்கன்னா கொஞ்சம் நகர்ந்து இடம் போட்டு வைங்க. என் வீட்டுக்காரியும் வர்றா. உங்க மக பக்கத்துல அவளுக்கும் சேர்த்து.