ஒத்தப்பனை மாடனும் ஒரு செத்த பிளக்கும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கசாமி எடுத்த முடிவு லேசுப்பட்ட முடிவு இல்லை. காரின் ஸ்பார்க் பிளக்குகளை மெக்கானிக் யாரும் தொடக்கூடாது, வீட்டு வாசலில் வைத்துத் தானே மாற்றுவது என்று முடிவெடுத்தார்.

"நீங்களா?" என்றாள் கல்யாணசுந்தரி. தையல் மிஷினை நிறுத்தக்கூட இல்லை.

"ஏன், நான் மாத்துனா ஓடாதாக்கும்? தீப்பெட்டி ஆபீஸ்ல இத்தன வருசமா சூப்பர்வைசரா இருக்கேன். பொறி எப்படிப் பறக்கும்னு எனக்கா தெரியாது?"

"போன தடவ பியூஸ் போடப் போயி தெருவுக்கே கரண்டு இல்லாம ஆக்குனீங்க. அதான் கேட்டேன்."

"அது வயரு பழசு."

மிஷின் மறுபடி கடகடத்தது. அந்த வீட்டில் ஒரு பேச்சு முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அந்த வீட்டு அரசியலைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பீரோ சாவி கல்யாணசுந்தரியிடம். டிவி ரிமோட் கல்யாணசுந்தரியிடம். ஃபேன் எந்த வேகத்தில் சுற்றலாம் என்பதும் அவள் தீர்ப்புதான். தங்கசாமிக்கென்று மிஞ்சியிருந்த ஒரே ஆசனம் காரின் டிரைவர் சீட். அதில் உட்கார்ந்தால்தான் அவருக்கு முதுகு நிமிரும், குரல் கனக்கும். அதற்கும் இப்போது ஆபத்து வந்துவிட்டது. அவர் ஆபீஸ் போன நேரத்தில் அவள் கார் பழகி, லைசென்சும் வாங்கிவிட்டாள். புதன்கிழமை எப்போதும்வென்றானில் இருக்கும் அம்மா வீட்டுக்கு நான்தான் ஓட்டுவேன் என்று சொல்லியும் விட்டாள். பெண் எடுக்கும்போதே ஊர்ப்பெயரைப் பார்த்து யோசித்திருக்க வேண்டும். தங்கசாமி யோசிக்கவில்லை.

இப்போது யோசித்தார். சின்ன கார், பழைய கார், மூன்றே பிளக்கு. அதில் ஒன்று செத்துப்போனதால்தான் வண்டி கொஞ்ச நாளாக உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு ஓடியது. வேகத்தைக் குறைத்தால் இருமிவிட்டு அணைந்தது. அவர் புதிதாக மூன்று வாங்கிவந்தார். போனில் வீடியோவை ஓடவிட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, இரண்டு புதுசை மாட்டினார். மூன்றாவது இடத்தில் அந்தச் செத்த பிளக்கையே திரும்ப வைத்து, பலத்தையெல்லாம் திரட்டி இறுக்கினார். மிச்சமிருந்த புது பிளக்கைப் பரண்மேல் கிடந்த தன் பழைய ஷூவுக்குள் ஒளித்தார். ஸ்டார்ட் செய்து பார்த்தார். வண்டி குளிர்காய்ச்சல் வந்தமாதிரி நடுங்கியது. தங்கசாமிக்குப் பரம திருப்தி.

அவர் கணக்கெல்லாம் எட்டயபுரம் ரோட்டில் இருக்கும் ஒத்தப்பனை மாடனை வைத்துத்தான். கூரையில்லாத கோயில் அது. வெள்ளையடித்த பீடம், முன்னால் நட்ட வேல், வேலில் தொங்கும் மணிகள், பக்கத்தில் ஒற்றைப் பனை. அந்த வழியே போகிற லாரியானாலும் பஸ்சானாலும் அங்கே வேகத்தைக் குறைத்து, இரண்டு தடவை ஹாரன் அடித்து, சாமியிடம் சொல்லிக்கொண்டுதான் போகும். அவளும் குறைப்பாள். குறைத்தால் வண்டி அணையும். உச்சிப்பொழுதில், ஆளில்லாத காட்டில், மாடன் முன்னால் வண்டி நின்றுபோனால் அப்புறம் அவள் ஸ்டியரிங் பக்கமே வரமாட்டாள்.

முன்னேற்பாடாக அன்று சாயங்காலமே ஒரு கதையும் கட்டினார்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன் கேளு. ஒத்தப்பனை மாடனுக்குப் பொம்பள வண்டி ஓட்டுனா ஆகாதாம்."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. பிடிக்காத வண்டின்னா பின் சீட்டுல ஏறி உக்காந்துக்கிடுவாராம். கண்ணுக்குத் தெரியமாட்டாராம். சுருட்டு வாசனை மட்டும் வருமாம்."

சுருட்டு வாசனை அந்த நிமிஷத்தில் வாயில் வந்த சரக்கு. அவருக்கே தன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

"அப்படியா" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள் கல்யாணசுந்தரி.

புதன்கிழமை அவள் சாவியைத் திருகினாள். தங்கசாமி இடது சீட்டில் உட்கார்ந்து நடுக்கத்துக்காகக் காத்திருந்தார். நடுக்கம் வரவில்லை. டேஷ்போர்டில் கையை வைத்துப் பார்த்தார். தூங்குகிற குழந்தையின் முதுகுபோல இருந்தது.

"என்ன தடவிப் பாக்குதீங்க?"

"ஒண்ணுமில்ல. தூசி."

ஊரைத் தாண்டியதும் கரிசல் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. மழை கண்டு மாதக்கணக்காகி நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பிடுங்காத பருத்திமார் காய்ந்து நின்றது. ஒரு காக்கை இல்லை, ஓர் ஆடு இல்லை. தூரத்தில் புழுதிச் சுழிக்காற்று ஒன்று எழும்பி, ரோட்டை ஒட்டியே, வண்டி போகும் வேகத்துக்குக் கூடவே வந்தது. சட்டென்று இருந்த இடம் தெரியாமல் உட்கார்ந்துவிட்டது.

பனை தெரிந்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள். ஹாரன் அடித்தாள், இரண்டு தடவை. வண்டி அணையவில்லை. பிறகு அவள் அடியோடு நிறுத்திவிட்டாள். எஞ்சின் முனகாமல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. வெளியே காற்றே இல்லை. ஆனாலும் வேலில் தொங்கிய மணிகளில் ஒன்று மட்டும் லேசாக ஆடியது.

தங்கசாமி பானட்டையே பார்த்தார். அந்தப் பிளக்கு செத்தது. அவரே மாட்டியது. செத்த பிளக்கில் பொறி எங்கிருந்து வருகிறது?

கல்யாணசுந்தரி மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏங்க, பின் சீட்டு அமுங்குன மாதிரி இருக்கு. யாரும் ஏறுனாவளா?"

"வண்டிய எடு."

"திரும்பிப் பாருங்களேன்."

"எடுன்னு சொல்லுதேன்ல."

வண்டி நகர்ந்தது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. காரமான, நாள்பட்ட சுருட்டு வாசனை, பின்னங்கழுத்தில் மூச்சு படுகிற மாதிரி. தான் கட்டிய கதை தன் பின்னாலேயே ஏறி உட்கார்ந்திருப்பதைத் தங்கசாமி திரும்பிப் பார்க்கவில்லை.

மாமியார் வீட்டில் கறிச்சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பயந்த அசதியில் சாய்ந்தவர் அப்படியே உறங்கிவிட்டார். சாயங்காலம் கிளம்பும்போது அவள் சாவியை நீட்டினாள்.

"நீங்களே ஓட்டுங்க. எட்டயபுரம் தாண்டுனா எதிர்வெயிலு. எனக்குக் கண்ணு கூசும்."

அவர் சாவியைத் திருகினார். கார் தலைமுதல் கால்வரை நடுங்கியது.

எட்டயபுரத்தைத் தாண்டினார்கள். அதன் பிறகு அவள்தான் கேட்டாள்.

"கார் நடுங்குதா, நீங்க நடுங்குதீங்களா?"

"ரெண்டும்தான்."

"நான் ஓட்டும்போது நல்லாத்தான இருந்துச்சு. நீங்க சொன்னதுல ஏதோ மாறிப்போச்சு போல. அவருக்கு ஆகாதது பொம்பள இல்லையோ என்னமோ."

தங்கசாமி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வெயில் சிவந்து கருப்பு மண்மேல் விழுந்து, நிலமெல்லாம் ஆறாத தணலாகக் கிடந்தது. பனையின் நிழல் ரோட்டின்மேல் சாய்வாக நீண்டு படுத்திருந்தது. அதன்மேல் வண்டியை ஏற்ற மனசு வராமல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்தார். வண்டி ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமியது. மாடனுக்கு நேர் எதிரே, நிழலின்மேல், அணைந்தது.

சாவியைத் திருகத் திருக அது கரகரவென்று தொண்டையைச் செருமியதே தவிர உயிர் வரவில்லை.

"இறங்குங்க" என்றாள் அவள். அந்தக் குரலை அவர் இதுவரை கேட்டதில்லை. "டேஷ்போர்டுல சூடம் இருக்கு, தீப்பெட்டி இருக்கு. சும்மா கும்பிட்டா வண்டி நகராது. சத்தியம் பண்ணணும். என்ன சத்தியம்னு உங்களுக்கே தெரியும்."

"நீயும் வா."

"கூப்பிட்டு விட்டது உங்களத்தான. நான் இங்கன நிக்குதேன். பொறுமையாப் பண்ணுங்க. என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பாத்துராதீங்க. மாடன் முன்னால நின்னு பின்னால பாக்கப்பிடாது, தெரியும்லா?"

தெரியும். அந்தப் பக்கத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும்.

பீடத்தின் முன் சூடத்தை வைத்தார். தீக்குச்சியை உரசினார், அணைந்தது. இன்னொன்று, அதுவும் அணைந்தது. ஊருக்கே தீப்பெட்டி செய்து அனுப்புகிற ஆபீசின் சூப்பர்வைசர் கையில் ஒரு குச்சி நிற்கவில்லை. அப்போது பின்னால் சத்தம் கேட்டது. டக். இரும்பில் இரும்பு இடிக்கிற சத்தம். கொஞ்சம் விட்டு, டக், டக். பிறகு யாரோ பல்லைக் கடித்து மூச்சை இழுக்கிற மாதிரி ஒரு சீறல். அவர் பீடத்தையே பார்த்தபடி அடுத்த குச்சியை எடுத்தார். திரும்பவில்லை.

ஒருவழியாகச் சூடம் பற்றியது.

"சாமி, அவ மேல பொய் சொல்லி உம்ம பேர இழுத்துட்டேன். இனி அந்த ஸ்டியரிங்க நான் தொடமாட்டேன். அவளே ஓட்டட்டும். என்னைய வீடு சேத்துரும்."

உள்ளங்கையால் சூடத்தை அணைத்தார். கை சுட்டது. சுட்டால்தான் சத்தியம்.

திரும்பி வந்தபோது கல்யாணசுந்தரி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் முந்தானையில் கரியாக ஏதோ அப்பியிருந்தது. காத்து கருப்பின் வேலை என்று நினைத்து அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் சாவியைத் திருகினாள். ஒரே திருகு. எஞ்சின் பூப்போலப் பிடித்துக்கொண்டது.

அடுத்த புதன்கிழமை மறுபடியும் எப்போதும்வென்றான் பயணம். தங்கசாமி இடது சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். ஒரு வாரமாக மனசு அரித்துக்கொண்டிருந்தது. பனை தெரிவதற்குள் சொல்லிவிட்டார்.

"சுந்தரி, மூணுல ஒரு பிளக்கு செத்தது. நான்தான் வேணும்னே போட்டேன். மாடன் புண்ணியத்துல ஓடுது. இதுக்கு மேலயும் சாமிய வேல வாங்கப்பிடாது. புதுசு என் பழைய ஷூவுக்குள்ள இருக்கு."

அவள் ஒரு கையால் பையைத் துழாவி, பிளவுஸ் வெட்டுத்துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து அவர் மடியில் போட்டாள். பிரித்தார். செத்த பிளக்கு.

"நீங்க பரண்ல கைய விட்டத அன்னைக்கே பாத்துட்டேன். ஷூவுக்குள்ள இருந்தத நான் போன வாரம் கிளம்புததுக்கு முந்தியே மாட்டிட்டேன். அம்மா வீட்டுல நீங்க உறங்குனீங்கள்லா, அப்ப இதப் போட்டேன். நீங்க சூடம் ஏத்துனீங்கள்லா, அப்ப மறுபடி புதுச மாட்டுனேன். நீங்க பாத்த வீடியோவத்தான் நானும் பாத்தேன்."

தங்கசாமி பிளக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"அப்ப அந்தச் சத்தியம் செல்லாது. வண்டிய நிறுத்து. நான் ஓட்டுதேன்."

"நிறுத்துதேன். கோயிலு வந்துட்டு. இறங்கிப்போயி நீங்களே அவருகிட்டச் சொல்லுங்க, சூடம் அணச்சது சும்மான்னு."

உச்சி வெயிலில் பீடம் வெள்ளையாக எரிந்தது. மணிகள் அசையாமல் தொங்கின. தங்கசாமி வேல்கம்பைப் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார். கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

"வேண்டாம், போ" என்றார். பிறகு மனசு கேட்காமல் கேட்டார். "எல்லாம் சரி. அந்தச் சுருட்டு வாசனைய எப்படி வரவச்ச?"

"எந்தச் சுருட்டு வாசனை?"

அவள் நிஜமாகத்தான் கேட்டாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு பேரும் பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாணசுந்தரி எப்போதும் அடிக்கிற இரண்டு ஹாரனுக்கு மூன்றாவதாக இன்னொன்றும் அடித்துவிட்டு, ஆக்சிலேட்டரை அழுத்தினாள்.

பனை கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"இன்னொண்ணு, அடுத்த தடவ பிளக்கை இம்புட்டு இறுக்காதீங்க. கழத்துததுக்குள்ள எனக்குக் கை விட்டுப்போச்சு."