நாக்கு வழித்த நோயாளி

டாக்டரின் அறைக் கதவைத் தள்ளியதுமே குணமாகிவிடுகிற ஓர் இனம் நம்மிடையே உண்டு. வீட்டில் மூன்று நாளாக முனகியவர், பக்கத்து வீட்டுக்காரரிடம் 'இனி நான் தேறமாட்டேன்' என்று கண் கலங்கியவர், டாக்டர் எதிரே உட்கார்ந்ததும் தலையைக் கோதி, காலரைச் சரிசெய்து, "இப்ப பரவால்ல டாக்டர்" என்பார். பரவாயில்லை என்றால் ஏன் ஐயா வந்தீர்?

சிதம்பரம் சபாபதி இந்த இனத்துக்குத் தலைவர். அவர் இரைப்பைக்குள் போனது எதுவும் லேசில் நகராது. காலையில் தின்ற இட்லி மாலையிலும் அங்கேயே குந்தியிருக்கும். ஒரே வருடத்தில் பதினோரு கிலோ இளைத்துவிட்டார். இங்கிலீஷ் மருந்தில் பாதிதான் கேட்டது. அதனால் மனைவி புஷ்பவள்ளி அவரைக் கடலூருக்கு அழைத்துப்போனார். சீனாவில் படித்துவிட்டு வந்து மஞ்சக்குப்பத்தில் சீன வைத்தியம் பார்க்கும் டாக்டர் இசைவாணியிடம்.

அந்த வைத்தியத்தில் நாக்குதான் முக்கியச் சாட்சி. அதன்மேல் படிந்திருக்கும் படலத்தைப் பார்த்துத்தான் மருந்து. நம்மவர் என்ன செய்தார்? படித்தவர்கள் முன்னால் போகிறோமே என்று டங் கிளீனரை எடுத்து, குமட்டக் குமட்ட வழித்து, செக்கச்செவேல் என்று நாக்கை நீட்டினார். உடம்பில் சூடு என்று கணித்த டாக்டர் குளிர்ச்சிக்குப் பொடி கொடுத்தார். ஏற்கெனவே சோம்பேறி வயிறு. இப்போது காலை நீட்டிப் படுத்தே விட்டது. இன்னும் இரண்டு கிலோ போயிற்று.

அடுத்த முறை நாக்கில் கீறலைப் பார்த்த பிறகுதான் டாக்டருக்கு விஷயம் விளங்கியது. "இனிமே வழிக்காம வாங்க" என்றார்.

"அழுக்கு நாக்க எப்படிடி அவுங்க முன்னாடி நீட்டறது?" என்று பஸ்ஸில் புலம்பினார் சபாபதி.

"உசுரு போனாலும் சுத்தமா போவணுமா உங்களுக்கு?" என்றார் புஷ்பவள்ளி. வீட்டுக்குப் போனதும் டங் கிளீனரை ஒளித்து வைத்தார்.

மூன்றாம் முறை நாக்கு உள்ளபடி வந்தது. பேச்சு உள்ளபடி வருமா?

"நேத்து என்ன சாப்ட்டீங்க?"

"கஞ்சிதான் டாக்டர். அதுவும் அர டம்ளர்."

முந்தின நாள் காடாம்புலியூர் மச்சான் வீட்டுக் காதுகுத்தில் பலாச்சுளையாக உள்ளே தள்ளியவர் இவர். புஷ்பவள்ளி மின்விசிறியைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து சபாபதிக்கு வாந்தி வந்தது. டாக்டர் பேசினை நீட்டினார். விழுந்தது அத்தனையும் மஞ்சள் மஞ்சளாகச் சுளைத்துண்டு. ஒரு நாள் ஆகியும் மணம்கூடப் போகவில்லை.

"இதான் கஞ்சியா?"

சபாபதி வாயைத் துடைத்துக்கொண்டார். "பயந்தாம்மா. நெசத்த சொன்னா, மூக்குல குழா போட்டுத்தான் இனிமே சோறுன்னு சொல்லிடுவீங்களோன்னு..."

பிறகு முக்கால் மணி நேரம் உண்மையைச் சொன்னார், பாவம், வாழ்க்கையில் முதல் தடவையாக. வைத்தியம் அன்றைக்குத்தான் ஆரம்பமாயிற்று.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன மாதம் உங்கள் டாக்டர் "டெய்லி நடக்கறீங்களா? ஸ்வீட்ட விட்டுட்டீங்களா?" என்று கேட்டபோது, கண்ணிமைக்காமல் "ஆமா டாக்டர்" என்றீர்களே, நினைவிருக்கிறதா? உங்கள் வயிறு ஒழுங்காக வேலை செய்கிறது. அதனால் மாட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.