பால்துரை கொடுத்த சம்மதம்

டிவியில் தெரிந்தே தீருவது என்று பால்துரை முடிவெடுத்துவிட்டார். ராஜபாளையத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்து, காயில் கட்டியே காலம் போய்விட்டதாம். 'நம்ம வீட்டு ஜோடி' என்று வீடு புகுந்து குடித்தனத்தைப் படமெடுக்கும் நிகழ்ச்சிக்குப் போன் போட்டார்.

"உங்க வீட்டம்மாவுக்குச் சம்மதமா சார்?"

"நான் சொன்னா அவ சொன்ன மாதிரி!"

அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், அவர்கள் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றபோதுதான் அவர் மனைவி கேத்ரினுக்கு விஷயமே தெரியும். அவள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர்.

"என் மூஞ்சிக்கு யாரைக் கேட்டுச் சம்மதம் சொன்னீய?"

"ஏட்டி, ஊரே பாக்கும்ட்டி!"

"அதான் சொல்லுதேன். அடுப்படியில நைட்டியோட நிக்கதைப் பாத்துட்டு, மறுநா பயலுவ எங்கிட்ட இலக்கணம் படிப்பானுவளாக்கும்?"

டைரக்டர் கௌதம்ராஜ் குழைந்தார். "மேடம், லேசா ஒரு சண்டை. கண்ணுல ஒரே ஒரு சொட்டு. ஜனங்க உருகிடுவாங்க."

"என் மூஞ்சி வரக்கூடாது. குரலும் வரக்கூடாது. வந்துச்சு, கோர்ட்டு இங்கன பக்கத்துலதான் இருக்கு."

டைரக்டர் கேட்ட சொட்டு அவர் நெற்றியிலேயே வியர்வையாக வந்தது. முகத்தை மறைத்து, குரலை வெட்டிவிடுவதாகச் சத்தியம் செய்தார்.

பால்துரைக்கு உள்ளுக்குள் மத்தாப்பு. கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. இன்றைக்கு ஊரே கேட்கப்போகிறது, அதுவும் அவர் குரலை மட்டும்! அரை டப்பா பவுடர் அப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

கேமரா ஓடியது. கேத்ரின் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"நம்ம நாய் எங்க படுக்கு?"

"கட்டிலுக்கு அடியிலதான்."

"அது குளிச்சு எம்புட்டு நாளாச்சு?"

"பத்து நாளு இருக்கும்."

"ராத்திரி சத்தம் போடுதே?"

"சங்கிலி போட்டா அடங்கிரும்."

"பழைய குழம்பு கெடக்கு, ஊத்தவா?"

"தட்டுல ஊத்து. சொட்டு மிஞ்சாது."

"யாருக்காவது பயப்படுதா?"

"உனக்கு மட்டுந்தான்."

ஞாயிற்றுக்கிழமை தெருவே வந்து டிவி முன்னால் உட்கார்ந்தது. திரையில் கேத்ரின் இருந்த இடத்தில் ஒரு புகைமூட்டம். அதன் எதிரே, பவுடர் பூசிய பால்துரை மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கட்டிலுக்கு அடியிலதான்."

புகை அசைந்தது.

"பத்து நாளு இருக்கும்... சங்கிலி போட்டா அடங்கிரும்... தட்டுல ஊத்து. சொட்டு மிஞ்சாது... உனக்கு மட்டுந்தான்."

பின்னணியில் புல்லாங்குழல் வேறு அழுதது.

பால்துரை போனை எடுத்தார். "யோவ், நான் நாயைச் சொன்னேன்யா! தூக்குய்யா அதை!"

"மேடம் குரலை வெட்டியாச்சு சார். உங்க குரலுக்கு நீங்களே சம்மதம் குடுத்திருக்கீங்களே! பிச்சுக்கிட்டு ஓடுது சார்!"

பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "ஏட்டி, நீ வேணும்னுதான கேட்ட?"

"நான் நாயைத்தான் கேட்டேன். நீங்க எழுவாயை முழுங்கிட்டுப் பதில் சொன்னீய. அதுக்குப் பேரு தோன்றா எழுவாய். பாக்குதவிய உங்களைப் போட்டு நிரப்பிக்கிட்டாவ."

மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்பியவரை எதிர்வீட்டுச் சம்சாத் பேகம் வழிமறித்தாள். பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அண்ணே, எங்க வீட்டுல கட்டில் ஒண்ணு சும்மாதான் கெடக்கு. அக்காவுக்குத் தெரியாம வந்து படுத்துக்கிடுங்க."