உன் அண்ணனுக்காக நான் செய்த உடற்பயிற்சி

அன்புள்ள நாத்தனாருக்கு அண்ணி எழுதிக்கொள்வது.

கடவுள் கிருபையால் நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நான் சுகம். எவ்வளவு சுகம் என்றால் அதைக் காகிதத்தில் எழுதவே வெட்கமாக இருக்கிறது. உன் அண்ணன் சுகமில்லை. அவருக்கு வரவேண்டிய சுகமெல்லாம் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நடுவில் நீயும் பேசுவாய். அதுவுமில்லாமல் போன் எப்போதும் உன் அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து அவர் வீடு திரும்பியதும் நீ ஒரு வார அட்டவணை போட்டு அனுப்பினாய். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் என்றால் சும்மாவா. திங்கள் நடை, செவ்வாய் மாடிப்படி, புதன் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, வியாழன் ஓய்வு, வெள்ளி குதிகாலைத் தூக்கி நிற்பது, சனி மறுபடி நடை, ஞாயிறு கைக்குப் பாரம். அடியில் சிவப்பு மையில், "நேரமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம், இருக்கிற வேலைக்கு நடுவிலேயே நுழைத்துக்கொள்ளலாம்" என்று வேறு. அந்த "யாரும்" நான்தான் என்று எனக்குத் தெரியும், போகட்டும். அதை ஜன்னல் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். உன் அண்ணன் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடி முழுசும் படித்தார். "என் தங்கச்சி கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு பாரு"ன்னு பெருமைப்பட்டாரு. எழுந்திரிக்க மட்டும் செய்யல.

ஏன் எழுந்திரிக்கலன்னு நீ கேப்ப. வீட்டுக்கு வந்த மறுநாளே நான் அவரைக் கைத்தாங்கலா மாடிப்படி இறக்கி, எதிர்ல இருக்கிற பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட்டிட்டுப் போனேன். இடது காலு இழுக்குது, இடது கை மடங்கியே இருக்கு, ஆனாலும் மனுஷன் தலையை நிமித்திக்கிட்டுத்தான் வந்தாரு. அவரு ஓட்டின பஸ் நிக்கிற ஸ்டாப்பாச்சே. அங்க ஒரு பொம்பள நின்னா. தினம் அவரு வண்டில வேலைக்குப் போனவதான். நல்ல மனசோடதான் கிட்ட வந்து, "சாப்... டீங்... களாண்ணே"ன்னு விவரம் தெரியாத குழந்தைகிட்டப் பேசுற மாதிரி இழுத்து இழுத்துக் கேட்டா. அவருக்கு இப்ப வார்த்தை கொஞ்சம் தாமதமாத்தான் வருது. அது வெளிய வர்றதுக்குள்ள அவ என் பக்கம் திரும்பி, "நாம பேசுறது இவருக்குப் புரியுதாக்கா"ன்னு கேட்டுட்டா. அவ்வளவுதான். திரும்பி வந்து ஜன்னல்கிட்ட உக்காந்தவருதான். பஸ் வந்தா "லேட்டு"ம்பாரு, "பிரேக்கை இப்படியா அமுக்குறது"ம்பாரு. அதுக்கு மேல அந்த ஜன்னலைத் தாண்டி அவருக்கு உலகம் இல்ல.

நானும் சொல்லிப் பாத்தேன், அழுது பாத்தேன், பேசாம இருந்தும் பாத்தேன். பேசாம இருந்தது மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்கல, அதுல கஷ்டப்பட்டது நான்தான். அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. உன் அண்ணன் ஆஸ்பத்திரில கண்ணு திறக்காம கிடந்தப்ப பச்சைத்தண்ணி பல்லுல படாம நான் விரதம் இருந்தேன், நீயும் பக்கத்துல உக்காந்து பாத்த. அவரு கண்ணைத் திறந்தாரு. வேண்டிக்கிட்டேன், பேச்சு வந்துச்சு. விரதத்தை நோயாளிதான் இருக்கணும்னு அன்னிக்கு நீயும் சொல்லல, டாக்டரும் சொல்லல. என் பட்டினி அவருக்குப் போய்ச் சேருதுன்னா என் நடை மட்டும் சேராதா? உடம்பு வேற வேறன்னாலும் புருஷன் பொண்டாட்டிக்குக் கடவுள்கிட்ட ஒரே கணக்குதானே. அவருகிட்டச் சொன்னேன். "அப்ப நீ நட, நான் பாத்துக்கிறேன்"னாரு. அதுல அவருக்கு ஒரு தெம்பே வந்துடுச்சு போ. காலைல எழுந்ததும் அட்டவணையைப் பாத்து, "செவ்வாக்கிழமை. படி. கிளம்பு"ம்பாரு. நீ போன் பண்றப்பல்லாம், "ஒரு நாள் விடாம நடக்குதும்மா"ன்னு சொன்னாரே, அதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது.

நான் பட்ட பாட்டைக் கேளு. எனக்கு ஓட்டல் சலவைக்கூடத்துல வேலை, காலைல போனா விளக்கு வச்சப்புறம்தான் வீடு, வந்து சமைக்கணும், அவருக்கு உடம்பு துடைக்கணும். இதுக்கு நடுவுலதான் உன் சிவப்பு மைப்படி நுழைச்சேன். திங்கக்கிழமை பஸ்ஸை விட்டுட்டு நடந்தே வேலைக்குப் போனேன். உன் அண்ணனோட ஷூவைத்தான் போட்டுக்கிட்டேன், முனையில துணி அடைச்சு. பலன் வழி தெரியாம அலையக் கூடாது பாரு. பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகத்துல நடக்கணும்னு நீ எழுதியிருந்த. எனக்குப் பேச்சு எந்த வேகத்துல நின்னிருக்கு? சரி, பாடித்தான் பாப்போம்னு ஒரு பக்திப் பாட்டை எடுத்துக்கிட்டு வேகத்தைக் கூட்டினேன். கடைசி அடி வரைக்கும் மூச்சு வந்துடுச்சு. இன்னும் வேகமாப் போனேன், இன்னும் சத்தமாப் பாடினேன். வழில ஒரு ஆளு, பாவம், நான் ஏதோ ஆபத்துல கடவுளைக் கூப்பிடுறேன்னு நெனச்சு பின்னாலயே ஓடி வந்து, "யாரும்மா துரத்துறா"ன்னு மூச்சு வாங்கக் கேட்டாரு. "திங்கக்கிழமை"ன்னேன். அவருக்கு விளங்கல.

வெள்ளிக்கிழமைக்கு வேற சோதனை. நான் நிக்கிற இடம் துவைச்ச விரிப்பைத் தேய்க்கிறதுக்குச் சூடு உருளைக்குள்ள விடுற இடம், கை வேலையா இருக்கும், காலு சும்மாதானே. குதிகாலைத் தூக்கித் தூக்கி நின்னேன். எதிர்ல தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர் ரூம். எங்க மேற்பார்வைக்கார அம்மா வந்து, "அங்க என்ன எட்டி எட்டிப் பாக்குறீங்க"ன்னுச்சு. "எங்க வீட்டுக்காரர் காலுக்கும்மா"ன்னேன். அது என் முகத்தைப் பாத்துச்சு, என் காலைப் பாத்துச்சு, ஷூவைப் பாத்துச்சு. மறுநாள்லேர்ந்து என்னைச் சூட்டுக்கிட்ட விடாம மடிக்கிற பக்கம் மாத்திடுச்சு. மாடிப்படியில கீழ்வீட்டுத் தையல்காரம்மா வாசலைத் தாண்டித்தான் ஏறி இறங்கணும். ஒரு மனுஷி உக்காந்திருக்கையில ஒரு வார்த்தை பேசாம எப்படித் தாண்டுறது? ஏறுறப்ப ஒரு வார்த்தை, இறங்குறப்ப ஒரு வார்த்தை. கடைசில அந்தம்மா கத்தரிக்கோலைக் கீழ வச்சிட்டு, "அக்கா, உள்ளயே வந்து எங்க வீட்டை ஒரேயடியாப் பாத்துட்டுப் போயிடுங்க"ன்னாங்க. புதன்கிழமை சாயங்காலம் கோயில்ல சொற்பொழிவு, அதை விட முடியாது, உக்காந்து எழுவுறதையும் விட முடியாது. பின்வரிசை நாற்காலில உக்காந்தேன், எழுந்தேன், உக்காந்தேன், எழுந்தேன். பேசிக்கிட்டிருந்த பெரியவர் நிறுத்தி, "அம்மாவுக்கு ஏதோ சந்தேகம் போல இருக்கு"ன்னாரு. கூட்டமே திரும்பிப் பாக்குது. "சந்தேகம் இல்லீங்க, நம்பிக்கைதான்"னு சொல்லிட்டு உக்காந்தேன். அப்புறம் மறுபடி எழுந்தேன், என்ன பண்றது, பாதிலயே விட்டா பலன் போயிடுமே. ஞாயித்துக்கிழமை பாரத்துக்கு நான் வேற தேடவே இல்ல. சலவைக்கூடத்துல ஈரத்துணிக் கூடையை ஒரு வண்டில வச்சுத் தள்ளுவோம், நான் அதைத் தள்ளாம கையிலயே தூக்கிட்டுப் போனேன்.

இப்படியே நடந்துக்கிட்டிருக்கையில போன வாரம் அவரைச் சோதனைக்குக் கூட்டிட்டுப் போனேன். எனக்குள்ள ஒரே சந்தோஷம், உள்ள போகையில, "இன்னிக்கு டாக்டரம்மா அசந்துடப்போகுது பாருங்க"ன்னு அவரு காதுல சொன்னேன். அந்தம்மா அவரு காலை மடக்கிப் பாத்துச்சு, நீட்டிப் பாத்துச்சு. முகம் சரியில்ல. "வீட்ல பயிற்சி எல்லாம் நடக்குதா"ன்னு கேட்டுச்சு. "விடாம நடக்குதுங்க"ன்னு உன் அண்ணன் சொன்னாரு, ஆனா தரையைப் பாத்துச் சொன்னாரு. "யாரு செய்றது"ன்னு அந்தம்மா ஏன் கேட்டுச்சோ, என் தோளைப் பாத்துக் கேட்டுச்சோ என்னவோ. "நான்தாங்க, இவருக்காக"ன்னேன். முதல்ல சிரிச்சுச்சு. அப்புறம் நாங்க ரெண்டு பேரும் சிரிக்காததைப் பாத்து நிறுத்திட்டு, ரத்த அழுத்தம் பாக்குற பட்டையை என் கையில சுத்துச்சு. "உங்களுக்கு நல்லா இருக்கும்மா, ரொம்ப நல்லா இருக்கு"ன்னு மெதுவா சொல்லுச்சு. "இவரு மாத்திரையை நீங்க முழுங்கினா இவருக்கு ரத்த அழுத்தம் இறங்குமா? இதுவும் அப்படித்தான்மா"ன்னுச்சு. இன்னும் கொஞ்ச மாசம்தான் அந்தக் காலு சொன்ன பேச்சைக் கேக்குமாம், அதுக்குள்ள அவரு நடந்தாத்தான் உண்டு, இல்லன்னா இப்படியே இறுகிப்போயிடுமாம்.

நாத்தனாரே, நான் எங்க போய்ச் சொல்லுவேன். வேண்டுதல் நாம அனுப்புற இடத்துக்குப் போகுது, பயிற்சி செஞ்ச இடத்துலயே தங்கிடுதே. இது யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா. அவரு தேயத் தேய நான் பக்கத்துல பயில்வான் மாதிரி நிக்கிறேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளிய வந்தா அவரு, "தண்ணி வீணாப் போகுது"ன்னாரு. ஜன்னலைப் பாத்துக்கிட்டேதான் சொன்னாரு. அன்னிலேர்ந்து அட்டவணையைப் படிக்கிறதையும் விட்டுட்டாரு. பஸ் வந்தா லேட்டுன்னுகூடச் சொல்றதில்ல.

அதனால உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன், லீவு போட்டுட்டு ஒரு தடவை வா. என் பேச்சை அவரு இத்தனை வருஷமா கேட்டுக் கேட்டு அது காதுல விழுறதே இல்ல, ரேடியோ மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும்போல. நீ ஒரு வார்த்தை சொன்னா நிப்பாரு. பள்ளிக்கூடத்துல ஊதுற விசிலையும் எடுத்துட்டு வா. அதட்டு, திட்டு, அழு, என்ன வேணா பண்ணு. நீ சின்னப்பிள்ளையா இருக்கையில தோளுல தூக்கிட்டுப் போன மனுஷன் ஒரு நாற்காலிக்குள்ளயே முடிஞ்சுடக் கூடாது.

உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அத்தையின் ஆசீர்வாதம், இருவரும் நன்றாகப் படித்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, தங்கள் கால்களால் தாங்களே நடந்து நீடூழி வாழட்டும். கடவுள் உங்கள் எல்லோருக்கும் துணையிருப்பார்.

இப்படிக்கு,
உன் அண்ணி.

பின்குறிப்பு: இதை மேஜைமேல வச்சிட்டு, சாயங்காலம் வந்து உறையில போட்டுக்கலாம்னு வேலைக்குப் போயிட்டேன். வந்து பாத்தா நாற்காலி காலியா இருக்கு, கடிதத்துமேல அவரு படிக்கிற கண்ணாடி. எனக்கு உயிரே இல்ல. கீழ ஓடினா தையல்காரம்மா வாசல்ல சுவரைப் பாத்து நிக்கிறாங்க. "அண்ணன் உக்காந்து உக்காந்து ஒவ்வொரு படியா இறங்கினாருக்கா, பாக்காதேன்னு சொன்னாரு, அதான் திரும்பி நின்னேன்"னாங்க. எதிர்ல பஸ் ஸ்டாப்புக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அவரு நிக்கிறாரு. நான் தெருவைத் தாண்டுறதுக்குள்ள பஸ் வந்துடுச்சு. கதவு திறந்துச்சு. வலது காலைப் படியில வச்சாரு, கம்பியைப் பிடிச்சு இழுத்தாரு, இடது காலு தரையை விட்டு வரவே இல்ல. இழுத்தாரு, இழுத்தாரு. உள்ள எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க. அவருகிட்ட வண்டி பழகின பையன்தான் இப்ப டிரைவர், அவன் எழுந்து வரப் பாத்தான். இவரு வாயில வார்த்தை வந்துச்சு, நேரமாகி வந்துச்சு, ஆனா முழுசா வந்துச்சு. "உக்காருப்பா. இஞ்சின் ஓடுறப்ப சீட்டை விட்டு எழுந்திரிக்கக் கூடாது. கதவை மூடு, நீ போ"ன்னாரு. பஸ் போயிடுச்சு. என்னைப் பாத்து, "இந்தப் படி இவ்வளவு உயரமா இருக்கும்னு எனக்குத் தெரியாது. எத்தனை பேரைச் சீக்கிரம் ஏறுன்னு கத்தியிருக்கேன்"னாரு. அதுக்கப்புறம், "நாளைக்கும் வரணும்"னாரு.

அதனால நீ இப்ப வராதே, கண்ணு. நீ வந்தா உன் முன்னாடி விழுந்துடக் கூடாதேன்னு மறுபடி உக்காந்துடுவாரு. என் முன்னாடி விழுறதுக்கு அவருக்கு வெக்கம் இல்ல. திரும்பி வர்றப்ப மாடிப்படியில விழுந்தாரு. அடி ஒண்ணும் இல்ல. தையல்காரம்மாவைக் கூப்பிடலாமான்னு கேட்டாரு. வேணாம்னேன். நானே தூக்கிட்டேன்.