கோட்டு நலம்

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். கோட்டும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் குழந்தையும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மரியாதைப்படி மனிதர்களை விசாரித்து முடித்த பிறகுதான் துணிமணிக்கு வர வேண்டும். ஆனால் கடிதத்தைப் பிரித்ததும் உங்கள் கண் எந்த வார்த்தையைத் தேடும் என்று எனக்குத் தெரியும் என்பதால் அதை முன்னாலேயே எழுதிவிட்டேன். கோட்டு இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகிறது. கறை இல்லை, கிழிசல் இல்லை, பொத்தான்கள் எல்லாம் இருக்கின்றன. இனி நிம்மதியாக உட்கார்ந்து படிக்கலாம்.

முதலில் நன்றி. நான் நகரத்துக்கு இன்டர்வியூவுக்குப் போகிறேன் என்றதும் இந்தக் குடும்பத்தில் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். சரக்குக் கம்பெனியில் கிளார்க் வேலை உனக்கு எப்படிக் கொடுப்பான், யாரைத் தெரியும், சிபாரிசு உண்டா என்றார்கள். நீங்கள் மட்டும் ஒன்றும் கேட்காமல் பீரோவைத் திறந்து உங்கள் கல்யாணக் கோட்டை எடுத்து என் தோளில் போட்டீர்கள். அதன்பிறகு நீங்கள் சொன்ன நிபந்தனைகள் வேறு விஷயம். ரயிலில் சாயாதே, உட்காரும்போது பொத்தானைக் கழற்று, மழை வந்தால் கோட்டைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு நீ நனை என்றீர்கள். ஊரில் பாதிப் பேர் உயிருக்கு இன்ஷூரன்ஸ் போட்ட நீங்கள் இந்தக் கோட்டுக்கு ஒரு பாலிசி போடாமல் விட்டது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

இந்த வேலை எனக்கு ஏன் வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் லாண்டிரி வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவன் நான். ஊரான் வீட்டு வியர்வை, ஆஸ்பத்திரி விரிப்பில் யாருடையதென்றே தெரியாத ரத்தம், எல்லாவற்றையும் வேகவைத்துப் பிழிந்து உலர்த்திப் பெட்டி போட்டு வளர்ந்தேன். கல்லூரியில்கூட என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ‘இஸ்திரி’தான். பட்டம் வாங்க மேடை ஏறியபோதும் பின்வரிசையிலிருந்து ‘இஸ்திரி’ என்றுதான் கத்தினார்கள். இந்த வேலை கிடைத்தால் அந்தச் சலவைத் தொட்டிக்கும் எனக்கும் உறவு முடிந்தது, இனி அடுத்தவன் அழுக்கைத் தொடுவதில்லை என்று கிளம்பினேன். இதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். அப்போதுதான் என் மேல் உங்களுக்கு வரவேண்டிய கோபம் சரியான அளவில் வரும்.

ரயிலில் சாயவில்லை. விடிய விடிய முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்தவர் எனக்கு முதுகுத்தண்டில் ஏதோ கோளாறு என்று நினைத்து ஒரு வைத்தியரின் விலாசம் எழுதிக் கொடுத்தார். காலையில் இறங்கினேன். இன்டர்வியூ மதியத்துக்கு மேல்தான். அதற்குள் மணிக்கூண்டையும் கடற்கரையையும் பார்த்துவிடலாம் என்று திட்டம். மணிக்கூண்டைப் பழுது பார்ப்பதற்காக அடியிலிருந்து உச்சிவரை சாக்கு கட்டி மூடியிருந்தார்கள். சாக்கைச் சுற்றி நின்று ஜனங்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடற்கரைக்கு வழி கேட்டு நடந்தேன். அந்தத் தெருவில்தான் பின்னாலிருந்து ஒருவர் ஓடிவந்து, ‘தம்பி, முதுகுல காக்கா எச்சம்’ என்றார். நல்ல வெள்ளைச் சட்டை, வயதில் பெரியவர், முகத்தில் அப்படி ஒரு பரிதாபம். கையில் துணி தயாராக இருந்தது. கையில் துணி எதற்காகத் தயாராக இருந்தது என்று வேறு எவனாக இருந்தாலும் யோசித்திருப்பான்.

நான் என்ன யோசித்தேன் தெரியுமா? கோட்டைக் கழற்றிப் பார்த்தேன். மஞ்சளும் பச்சையுமாக ஒரு கூழ். முகர்ந்தேன். காக்கா எச்சம் என்றால் நடுவில் வெள்ளை இருக்கும், ஓரம் சீக்கிரம் காயும். இதில் எண்ணெய் மினுமினுத்தது, கடுகு வாசம் அடித்தது. ‘இது எச்சம் இல்லீங்க, ஏதோ சாஸ்’ என்றேன். அவர் ஒரு கணம் திடுக்கிட்டார். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ‘எதுவா இருந்தா என்னப்பா, தொடைச்சா போயிடும்’ என்று துணியை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். மாமா, கம்பளித் துணியில் எண்ணெய்க் கறையை ஒருவன் வட்டம் வட்டமாகத் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. ‘தேய்க்காதீங்க, ஒத்தணும். ஓரத்துலேர்ந்து நடுவுக்கு வரணும்’ என்று துணியை அவரிடமிருந்து பிடுங்கினேன். இரண்டு கையும் வேண்டுமே. சான்றிதழ் ஃபைலைப் பக்கத்திலிருந்த திட்டின் மேல் வைத்தேன். கோட்டின் உள்துணியைத் தனியாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி அவரிடம் கொடுத்தேன். அவர் பிடித்தார். பாவம், வேறு வழி இல்லை. நான் ஒற்றிக்கொண்டே இருக்கிறேன், அவர் கண் தெருமுனைக்கும் எனக்கும் அலைகிறது. ‘எனக்கு நேரமாச்சு தம்பி’ என்கிறார். ‘ஆடாம பிடிங்க, இப்ப விட்டா விரிஞ்சிடும்’ என்று நான் அதட்டுகிறேன். அவருடைய கூட்டாளி என் ஃபைலோடு எப்போதோ போய்விட்டான். இவரை நான் விட்டால்தானே இவர் போக? தன் தொழில் வாழ்க்கையில் அவர் இப்படி ஒரு கிராக்கியிடம் மாட்டியிருக்க மாட்டார். கடைசியில் ஒருவழியாக விடுவித்தேன். விடுவித்ததோடு நிற்கவில்லை. கையைப் பிடித்து, ‘இந்த ஊர்ல இப்படி ஒரு மனுஷனாங்க’ என்று நன்றி சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அதை அடக்கம் என்று நினைத்தேன்.

திரும்பினால் திட்டு மட்டும் இருந்தது. பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், இன்டர்வியூ கடிதம் எல்லாம் போயிற்று. தெருவில் அத்தனை பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சோடாக் கடைக்காரர், ‘இது இங்க தினம் நடக்குறதுதான்’ என்று சாவகாசமாகச் சொன்னார். தினம் நடக்கிறது என்று தெரிந்த வாய் ஒரு நிமிடம் முன்னால் திறந்திருக்கக் கூடாதா? நகரத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரிகிறது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. உங்களுக்கு ஒரு ஆறுதல் சொல்கிறேன். அந்தப் பாவிகள் என் எதிர்காலத்தை எடுத்துக்கொண்டு உங்கள் கோட்டை விட்டுவிட்டார்கள்.

காவல் நிலையத்தில் எழுதுபவர் நான் சொன்னதைப் பாதிவரை கேட்டார். லாண்டிரி என்ற சொல் காதில் விழுந்ததும் பேனாவை வைத்துவிட்டுத் தன் சட்டைப் பையைக் காட்டினார். மை ஒழுகியிருந்தது. ‘இதுக்கு என்ன போடணும்?’ என்றார். ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு அடிப்பக்கத்திலிருந்து ஒற்றச் சொன்னேன். அதை அவர் ஒரு தாளில் ஒழுங்காகக் குறித்துக்கொண்டார். என் புகாரை என்னையே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

கோட்டில் எண்ணெய் இன்னும் இருந்தது. தண்ணீருக்கு எங்கே போவேன்? பொதுக் கழிப்பறைதான். அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மா என் கதையைக் கேட்டு முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு தன் சோப்பையும், சுத்தமான வாளி ஒன்றையும், தன் சேலை தொங்கிய கம்பி ஹேங்கரையும் கொடுத்தார். ‘ஹேங்கரைத் திருப்பித் தர வேணாம், போய் வேலையை வாங்கு’ என்றார். அந்த நகரம் முழுவதிலும் எனக்கு வேலை கிடைக்கும் என்று நினைத்த ஒரே ஆள் அவர்தான். அவரை நான் மறக்க மாட்டேன். நீங்களும் மறக்கக் கூடாது, உங்கள் கோட்டின் முதுகு இன்று ஒரே நிறமாக இருப்பது அவர் புண்ணியத்தில்தான்.

முதுகு முழுக்க ஈரம், போட முடியாது. ஹேங்கரில் மாட்டிக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். கண்ணாடிக் கட்டடம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். வாசலில் காவலாளி, ‘லாண்டிரியா? பின்னாடி போ’ என்றார். இன்டர்வியூ என்றேன். கடிதத்தைக் கேட்டார். அது திருடனிடம் இருக்கிறது என்றேன். என்னையும் ஹேங்கரையும் ஏற இறங்கப் பார்த்தார். ‘இன்டர்வியூக்கு வர்றவன் கோட்டைப் போட்டுட்டு வருவான். தூக்கிட்டு வர்றவன் லாண்டிரி. எனக்கா தெரியாது?’ என்றார். அவரிடம் மேற்கொண்டு என்ன பேச? பின்வாசலுக்குப் போனேன். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் எனக்காக லிஃப்ட்டைப் பிடித்து நிறுத்தினார். தகுதியைக் காட்டிக்கொண்டு வந்தால் காகிதம் கேட்டுத் தெருவில் நிறுத்துகிறார்கள், அழுக்கை எடுக்க வந்தவன் என்றால் மேல்மாடிவரை கதவு தானாகத் திறக்கிறது. என்னைப் போல வந்த மற்றவர்கள் எல்லாம் கீழே வரிசையில் வியர்த்துக்கொண்டிருக்க, நான் நேராக மேனேஜரின் அறைக்கே போய்ச் சேர்ந்தேன்.

அவருடைய செயலாளர் பெண், ‘காலையிலயே சொன்னோமே, இப்பத்தான் வர்றீங்க?’ என்று கடிந்துகொண்டு ஒரு சாம்பல் நிறக் கோட்டை என் கையில் வைத்தார். மார்பில் காப்பி கொட்டியிருந்தது. மேனேஜரே வெறும் சட்டையோடு வெளியே வந்து, ‘இது போகுமா?’ என்று கேட்டார். மாமா, எனக்கு வேலை கொடுக்கக்கூடிய ஒரே மனிதர் என் எதிரே நிற்கிறார், என்னிடம் கேள்வியும் கேட்டுவிட்டார். நான் இன்டர்வியூவுக்கு வந்தவன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. ராத்திரி முழுக்க ரயிலில் மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியம் நாக்கு நுனியில் நிற்கிறது. என் வாய் திறந்தது. ‘பால் காப்பியா, வெறும் காப்பியா சார்?’ என்று கேட்டது.

‘பால் காப்பி’ என்றார். ‘சுடுதண்ணி யாராவது ஊத்தினாங்களா?’ என்றேன். இல்லை என்றார். அப்படியென்றால் போய்விடும் என்றேன். அவர் முகத்தில் அத்தனை நிம்மதி. அதற்குப் பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்து, ‘சார், நான் இன்டர்வியூக்கு வந்தவன்’ என்றேன். ‘இன்னிக்கு ஊரே இன்டர்வியூக்குத்தான் வந்திருக்கு’ என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. கையில் கோட்டோடு நிற்பவன் வாயிலிருந்து வரும் எதுவும் அவர்கள் காதில் பேச்சாக விழுவதில்லை, அவ்வளவுதான்.

கடிதம் இல்லாமல் கீழே வரிசையிலும் நிற்க முடியாது, கறையோடு அந்தக் கோட்டை விட்டுவரவும் மனம் வரவில்லை. ஆக, ஒரு கோட்டோடும் ஒரு ஃபைலோடும் போனவன் இரண்டு கோட்டோடு வீடு வந்தேன். நகரத்தில் ஒரு சாக்கு மூட்டை, ஒரு காவல் நிலையம், ஒரு கழிப்பறை, ஒரு பின்வாசல் பார்த்தேன். அம்மா ஃபைல் போனதைக் கேட்டு அழுதாள். அப்பா சாம்பல் கோட்டை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘பால் காப்பியா, வெறும் காப்பியாடா?’ என்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. எவ்வளவு தூரம் ஓடினாலும் இந்த வாய் கூடவே வரும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டையும் நானே சுத்தம் செய்தேன். வேண்டாவெறுப்பாகத்தான் தொடங்கினேன், ஆனால் அரைகுறையாக விட முடியவில்லை. மேனேஜர் கோட்டைத் தபாலில் அனுப்பினேன். உள்பையில் ஒரு சீட்டு வைத்தேன். ‘நான் உங்கள் லாண்டிரிக்காரன் இல்லை. உங்கள் வேலைக்கு விண்ணப்பித்தவன். உங்கள் காவலாளிக்குக் கோட்டுதான் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. உங்களுக்கும் அப்படித்தான்’ என்று எழுதினேன். கையெழுத்துக்குக் கீழே என் பட்டத்தையும் போட்டேன். அதற்குப் பதில் வராது என்று தெரியும். எழுதியதே போதும். சான்றிதழ் நகல்களுக்குக் கல்லூரியில் மனு கொடுத்திருக்கிறேன். உள்ளூரிலேயே ஏதாவது பார்த்துக்கொள்கிறேன். இனி அந்த நகரத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன், கோட்டு என்ற பொருளையும் கையால் தொட மாட்டேன். இது உறுதி.

ஆனாலும் மாமா, யோசித்துப் பார்த்தால் நன்றி சொல்ல வேண்டியவர்கள்தான் எனக்கு அதிகம் இருக்கிறார்கள். அந்த வாளிக்கார அம்மாவுக்கு நன்றி. சாயாமல் வந்த என் முதுகுக்காகக் கவலைப்பட்ட ரயில்காரருக்கு நன்றி. எல்லோருக்கும் மேல் உங்களுக்கு. அன்று கோட்டைப் போட்டுவிட்டு, தோளைத் தட்டி, ‘நீதான்டா போகணும், வேற எவன் போவான்’ என்றீர்கள். அதை மட்டும் யாரும் திருடவில்லை. நீங்களும் அக்காவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், குழந்தை நன்றாகப் படிக்க வேண்டும், எவன் கோட்டையும் கடன் வாங்காமல் வேலைக்குப் போக வேண்டும்.

அன்புடனும் பணிவுடனும்,
உங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: பார்சல் ஏதும் இல்லாமல் கடிதம் மட்டும் வந்ததைப் பார்த்தே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். உறையை ஒட்டப் போகும் நேரத்தில் கம்பெனியிலிருந்து போன். மேனேஜரே பேசினார். சீட்டைப் படித்தாராம். திங்கட்கிழமை நகல்களோடு வரச் சொல்கிறார், தனியாக இன்டர்வியூ வைக்கிறாராம். ஆகவே ‘கோட்டு பார்சலில் வருகிறது’, ‘கோட்டைத் தொட மாட்டேன்’, ‘நகரத்துக்குப் போக மாட்டேன்’ என்ற வரிகளை எல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். போனை வைக்கும் முன் அவர் கொஞ்சம் தயங்கி, ‘இன்னும் ரெண்டு கோட்டு இருக்கு தம்பி, வர்றப்ப எடுத்துக்கிட்டா நல்லாருக்கும்’ என்றார். முன்வாசல் வழியாகத்தான் போவேன், உங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போவேன். அந்த இரண்டு கோட்டையும் வாங்கிக்கொள்வேனா என்று இப்போது சொல்ல முடியாது. அது என்ன கறை என்பதைப் பொறுத்தது.