முகர்ந்தால் போதும்

மருந்துக்கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டது பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த ஒரு மூக்கு.

"முகர்ந்தால் போதும்!" என்று சுவரெல்லாம் சுவரொட்டி. மூட்டுவலியா? முகருங்கள். தூக்கம் வரவில்லையா? முகருங்கள். மேலதிகாரி திட்டுகிறாரா? அதற்கும் ஊதா நிறத்தில் ஒரு புட்டி இருந்தது. அதே புட்டியை மேலதிகாரியும் வாங்கிப் போனார்.

மூக்குக்குச் சொந்தக்காரரை எல்லோரும் வாசனை மாஸ்டர் என்றார்கள். அவர் நாடி பார்க்க மாட்டார், நாக்கை நீட்டச் சொல்ல மாட்டார். நோயாளி தன் கைக்குட்டையை இரவு தலையணைக்கடியில் வைத்துத் தூங்க வேண்டும். காலையில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் மூடிக் கொண்டுவர வேண்டும். மாஸ்டர் மேடையில் அதைப் பிரித்து முகர்வார். நோய் தெரிந்துவிடும்.

வாசலில் மேசை போட்டு ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். தேன் குரல். "என்னம்மா பண்ணுது? மனசு விட்டுச் சொல்லுங்க" என்பார். வந்தவர்கள் பிறந்ததிலிருந்து சொல்வார்கள். எல்லாம் கேட்டுவிட்டு, பிளாஸ்டிக் பையை ஒரு துணிப்பையில் போட்டு வைப்பார். மூச்சுக்கு நீலப்பை, வயிற்றுக்கு மஞ்சள், மூட்டுக்குப் பச்சை. மாஸ்டர் நீலப்பையைத் திறப்பார், முகர்வார், "நுரையீரல் அழுகிறது" என்பார்.

"எப்படிக் கண்டுபிடிச்சாரு பாத்தீங்களா!" என்று கூட்டம் வாயைப் பிளக்கும்.

அதானே, எப்படி? வாசலில் தொண்டை வறளச் சொன்னதை மேடையில் ஒருவர் கண்டுபிடித்தால் அதிசயம்தானே!

மேடை ஓரத்தில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. குணமானவர்கள் தங்கள் மாத்திரைகளை அதில் கொட்டிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போவார்கள். சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, ஒருவருடைய கண் சொட்டு மருந்து, எல்லாம் அதில் கிடந்தன.

தையல்காரி தன் இன்ஹேலரை அந்த ஜாடியில் போடுவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூச்சிரைப்பு. பஞ்சுத் தூசியில் வேலை வேறு.

"அக்கா, மூச்சு விசிலடிக்குது. இன்ஹேலர எடு" என்றாள் தங்கை.

"விசிலடிக்கல. விஷம் வெளியே போகுது. மாஸ்டர் சொல்லிட்டாரு."

"விஷம் போறதுக்கு உதடு எதுக்கு நீலமாகணும்?"

"ஆமா, காலேஜ்ல கண்ணாடிக் குழாய் கழுவுற நீ, எனக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டே!"

தங்கை கல்லூரி வேதியியல் கூடத்தில் உதவியாளர். நாலு பேர் சேர்ந்தால் வாய் திறக்காதவள். அம்மா போன பிறகு அவளைத் தூக்கி வளர்த்தது அக்காதான். அதனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"வாசனை நல்லாத்தான் இருக்கு அக்கா. தலகாணில ஒரு சொட்டு விட்டுக்கோ, மனசுக்கு இதமா இருக்கும். யாரு வேணாம்னா? அதுக்காக மூச்சுக்குழாய் திறந்துக்காது. காட்டமான எண்ணெய் இழுப்பைக் கிளப்பித்தான் விடும்."

"மாஸ்டர நேர்ல பாத்துட்டுப் பேசு. அடுத்த வாரம் கைக்குட்டையில தெரிஞ்சிடும். குணமாயிடுச்சுன்னு சொன்னாருன்னா, அந்த நிமிஷமே இன்ஹேலர் ஜாடிக்குள்ள."

தங்கை நேரில் போய்ப் பார்த்தாள். மாஸ்டர் யூகலிப்டஸ் எண்ணெய்ப் புட்டியைத் திறந்து, மூக்கை அதற்குள் நுழைக்காத குறையாக முகர்ந்தார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அவளுக்குச் சுருக்கென்றது. வேதியியல் கூடத்தில் முதல் நாளே சொல்லித் தருவது, புட்டிக்குள் மூக்கை விடாதே, கையால் விசிறி முகர் என்பதுதான்.

அந்த நேரம் பார்த்துக் கீழே பேக்கரியில் ரொட்டி கருகியது. நாற்றம் மாடிக்கு ஏறியது. கூட்டமே முந்தானையாலும் கையாலும் மூக்கைப் பொத்தி இருமியது. மாஸ்டர் மட்டும் கண்ணை மூடிப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். இருமல் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தவர், "ஆகா! எல்லாருக்கும் ஒரே நேரத்துல விஷம் வெளியேறுது!" என்றார்.

கூட்டம் இருமிக்கொண்டே கைதட்டியது. தங்கை தட்டவில்லை.

அடுத்த வாரம் தங்கை மீன் வாங்கினாள். மீன் தெருநாய்க்குப் போனது. மீனைச் சுற்றியிருந்த கைக்குட்டை, அக்கா தைத்த ஜோடியில் ஒன்று, பகலெல்லாம் வெயிலில் கிடந்து நன்றாகத் தேறியது. மறுநாள் காலையில் அக்கா குளிக்கப் போன நேரத்தில் பிளாஸ்டிக் பை மாறியது.

மாடியில் மூச்சுவிட இடமில்லை. மூச்சு வாங்க வந்தவர்கள்தான் பாதிப் பேர். அக்காவின் முறை வந்ததும் மாஸ்டர் நீலப்பைக்குள் கைவிட்டார். அக்கா ஜாடியருகே இன்ஹேலரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிளாஸ்டிக் பை பிரிந்தது.

முதல் வரிசை பின்னால் சாய்ந்தது. மூன்றாவது வரிசையில் ஒருவர் செருப்பைத் தூக்கி அடியில் பார்த்துக்கொண்டார். மாஸ்டர் கைக்குட்டையை முகத்தோடு அணைத்து, நெஞ்சு நிறைய இழுத்தார்.

"ரோஜா!" என்றார். "நுரையீரலுக்குள்ள ரோஜா பூத்திருக்கு. போடும்மா ஜாடியில!"

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஒருவர், கண்ணில் நீர் வழிய, "ஆமா... ரோஜாதான். லேசா வருது" என்றார். பக்கத்தில் இருந்தவர், "எனக்குப் பன்னீர் மாதிரி இருக்கு" என்றார், மூக்கைப் பிடித்துக்கொண்டே.

அக்காவின் கை ஜாடிக்கு மேலே நின்றது. அவளுக்கும் மூக்கு இருந்தது.

"மாஸ்டர், மீன் நாத்தம் அடிக்குதே."

"அது உன் பழைய மூக்கும்மா. நோயாளி மூக்கு. அதை நம்பாதே. போடு."

தங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மேடையேறிவிட்டாள். மேசையிலிருந்து அவருடைய புட்டிகளிலேயே இரண்டை எடுத்து, பெயர் தெரியாமல் உள்ளங்கையில் மறைத்து, மூடியைத் திறந்து நீட்டினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"ஒண்ணு லாவண்டர். ஒண்ணு யூகலிப்டஸ். எது எதுன்னு சொல்லுங்க, போதும். எங்க அக்கா இன்ஹேலரை நானே போடுறேன்."

"சோதிச்சா சக்தி கலைஞ்சிடும்!"

"அவர் மூக்குக்கா இந்தச் சோதனை?" என்று கூட்டம் சிரித்தது. "சொல்லிடுங்க மாஸ்டர், பொண்ணு மூஞ்சில கரியப் பூசுங்க!"

நம்பியவர்கள்தான் அவரை மாட்டிவிட்டார்கள். மாஸ்டர் இடது புட்டியை முகர்ந்தார். வலது புட்டியை முகர்ந்தார். மறுபடி இடது. நெற்றியில் வேர்த்தது. வாசல் மேசையைப் பார்த்தார். இந்தப் புட்டிகளுக்குத் துணிப்பை இல்லை.

"இது... லாவண்டர்."

அது யூகலிப்டஸ். பின் சுவரில் சாய்ந்திருந்தவருக்கும் அது தெரிந்தது.

தேன் குரல் அம்மாதான் முதலில் உடைந்தார். அவர் மாஸ்டரின் மனைவி. "போன வருஷக் காய்ச்சல்லயே அவருக்கு மூக்கு போயிடுச்சும்மா! வீட்டுல பால் பொங்கி அடுப்பு அணைஞ்சாக்கூட நான்தான் ஓடணும். வேணாம் வேணாம்னு சொன்னேன், கேட்டாரா?"

இத்தனை நோயைத் தீர்த்த எண்ணெய்கள், தங்கள் முதலாளியின் மூக்கை மட்டும் மறந்துவிட்டன போலும்.

அப்புறம் ஒரே களேபரம். ஜாடி கவிழ்ந்தது. "என் சர்க்கரை மாத்திரை வெள்ளை!" "யோவ், எல்லாமே வெள்ளைதான்யா!" என்று தரையில் தவழ்ந்து தேடினார்கள். தலைமை எழுத்தர், "எனக்கு அப்பவே மீன்னு தெரியும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மாஸ்டர் எப்போது படியிறங்கினார் என்று யாரும் பார்க்கவில்லை.

அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து இன்ஹேலரை வாயில் வைத்து இழுத்தாள். விசில் மெல்ல அடங்கியது.

"நான் தச்ச கைக்குட்டைய மீனுக்கு வச்சியா?" என்றாள். "நல்லாத் தொவச்சுக் குடு. இல்லேன்னா உனக்கு இருக்கு."

மூக்குக்கும் மூளைக்கும் நாலு விரல் தூரம்தான். அவ்வளவு தூரம்கூடப் போக மனமில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அடுத்த தெருவில் யாரோ மாடி வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.